தொண்டிலே கற்ற தலைமை
(பாபு இராஜேந்திர பிரசாத் அவர்களின் வாழ்க்கை)

பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றிய காலத்தில் ஆண்டுதோறும் நான் தவறாமல் எதிர்கொண்ட வேண்டுகோள் ஒன்று உண்டு. பள்ளி விழாவிற்கோ, சாரணர் முகாமிற்கோ, ஊர்த் துப்புரவுப் பணிக்கோ தொண்டர்களைத் தெரிவு செய்யும்போது, நன்றாகப் படிக்கும் மாணவ மாணவியரின் பெற்றோர் தேடி வந்து, தம் பிள்ளையை மட்டும் விட்டுவிடுமாறு கேட்டுக்கொள்வர். படிப்புக் கெட்டுவிடும் என்பது அவர்தம் அச்சம். சுமாராகப் படிக்கும் பிள்ளைகள் நாற்காலி தூக்கட்டும். முதல் மதிப்பெண் பெறும் பிள்ளை புத்தகத்தோடு இருக்கட்டும் என்பது அவர்தம் எண்ணம். அவர்களை நான் குறை கூறவில்லை. என் மகன் பத்தாம் வகுப்பில் பயின்றபோது நானும் அவ்வாறே செய்தவள்தான். விழாப் பந்தலில் தண்ணீர் வழங்கும் பணிக்கு அவன் பெயரை ஆசிரியர் எழுதியிருந்ததை, நானே சென்று அடிக்கச் சொன்னேன்.

அன்று என் மகனிடமிருந்து நான் எதைப் பறித்தேன் என்பது, பின்னாளில் ஒரு பெரியாரின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. அவர் தேர்வுகளில் எவருக்கும் பின்தங்காதவர். பல்கலைக் கழகத்திலேயே முதல்வராகத் தேறியவர். ஆயினும் மாணவப் பருவத்திலேயே ஊதியமில்லாத் தொண்டில் இறங்கியவர். அவரே நம் நாட்டின் முதல் குடியரசுத் தலைவராக விளங்கிய பாபு இராஜேந்திர பிரசாத். பதவிகள் அவரைத் தேடி வந்தன என்று கூறுவதுண்டு. அப்பதவிகளை வகிக்கும் ஆற்றல் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதே நாம் ஆராய வேண்டுவது.

இளமையும் கல்வியும்

பிகார் மாநிலத்தில் இன்றைய சிவான் மாவட்டத்திலுள்ள ஜீராதேயி என்னும் சிற்றூரில், 1884-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் இராஜேந்திர பிரசாத் பிறந்தார். தந்தையார் மகாதேவ சகாய், பாரசீகமும் வடமொழியும் கற்றவர். தாயார் கமலேசுவரி தேவி. பிள்ளைகளுள் இவரே கடைக்குட்டி. தமையனார் மகேந்திர பிரசாத் தந்தைக்கு நிகராக இவரைப் பேணி வந்தார். அக்கால வழக்கப்படி மௌல்வி ஒருவரிடம் பாரசீகம் கற்கத் தொடங்கிய இவர், பின்னர் சாப்ரா நகரின் மாவட்டப் பள்ளியில் சேர்ந்தார். சிறு வயதிலேயே இராஜவம்சி தேவியாருடன் திருமணமும் நடந்தேறியது.

1902-ஆம் ஆண்டில் கல்கத்தாப் பல்கலைக் கழகத்தின் நுழைவுத் தேர்வில் இவர் முதலிடம் பெற்றார். வங்காளம், பிகார், ஒரிசா, அஸ்ஸாம் முதலிய பகுதிகள் அனைத்திற்கும் அந்நாளில் அப்பல்கலைக் கழகம் ஒன்றே இருந்தது. கல்வியில் பின்தங்கியதென்று கருதப்பட்ட பிகாரின் சிற்றூர்ப் பிள்ளை ஒருவன் அத்தனை மாணவரையும் விஞ்சியது பெருவியப்பாகப் பேசப்பட்டது. திங்கள் 30 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, மேற்படிப்புகளையும் சிறப்பாக முடித்தார்.

இத்தகைய மாணவருக்கு அந்நாளில் ஒரே பாதைதான் காட்டப்பட்டது. ஒன்று அரசுப் பணி. அன்றேல் வழக்கறிஞர் தொழில். குடும்பத்தார் எதிர்பார்த்ததும் அதுவே. ஆனால் கல்கத்தாவில் அவர் வகுப்பறையில் மட்டும் கற்கவில்லை.

மாணவர் தொண்டு

சதீஷ் சந்திர முகர்ஜி என்னும் அறிஞர் நடத்தி வந்த விடியல் சங்கத்தில் இராஜேந்திர பிரசாத் சேர்ந்தார். 1905-இல் வங்காளப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் எழுந்தபோது அதன் அலை மாணவர் விடுதிகளிலும் மோதியது. 1906-ஆம் ஆண்டு டிசம்பரில், தாதாபாய் நௌரோஜி அவர்களின் தலைமையில் காங்கிரஸ் மகாசபை கல்கத்தாவில் கூடியது. அம்மாநாட்டில் இராஜேந்திர பிரசாத் மேடையில் அமர்ந்தவர் அல்லர், பேசியவரும் அல்லர். தொண்டராகப் பணியாற்றினார். காங்கிரசோடு அவருக்கு ஏற்பட்ட முதல் தொடர்பு அதுவே. பிற்காலத்தில் அம்மகாசபைக்கே தலைவராக வந்தவர், அதனுள் நுழைந்த வாயில் தொண்டர் வாயில் என்பதை நம் பிள்ளைகள் நினைவிற் கொள்ள வேண்டும்.

அதே 1906-ஆம் ஆண்டில் மற்றொரு பணியையும் அவர் முன்னின்று செய்தார். பிகார் மாணவர்கள் ஊர்தோறும் சிதறிக் கிடந்தனர். அவர்களை ஒன்று சேர்க்க அமைப்பு ஏதும் இல்லை. கல்கத்தாவிலிருந்த பிகார் மாணவர்கள் கலந்து பேசி, பிகார் மாணவர் மாநாடு என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். முதல் கூட்டம் பாட்னாவில் நடைபெற்றது. அதன்பின் ஆண்டுதோறும் அம்மாநாடு கூடி வந்தது.

இதனை ஒரு சிறு செய்தியாகக் கருதிக் கடந்து செல்லலாகாது. மாணவர் அமைப்பொன்றை நடத்துவதில் என்னென்ன வேலைகள் அடங்கியுள்ளன என்பதை எண்ணிப் பாருங்கள். அறியாத ஊர்களில் உள்ள அறியாத மாணவர்க்குக் கடிதம் எழுத வேண்டும். பெரியோர்களை அணுகிப் பொருள் திரட்ட வேண்டும். ஒவ்வோர் அணாவிற்கும் கணக்கு வைக்க வேண்டும். கூட்டத்தில் மாறுபட்டுப் பேசுவோரைப் பொறுமையோடு கேட்க வேண்டும். கூடியது கலைந்தபின், எடுத்த முடிவுகளைச் செயற்படுத்த வேண்டும். இவற்றுள் எதற்கும் மதிப்பெண் இல்லை. ஆயினும் நாட்டை நடத்துவோர்க்கு வேண்டிய கலைகள் எல்லாம் இவற்றுள் அடங்கியுள்ளன. பின்னாளில் பிகாரின் முதலமைச்சராக விளங்கிய ஸ்ரீகிருஷ்ண சின்ஹாவும், துணை முதலமைச்சராகவும் நிதியமைச்சராகவும் விளங்கிய அனுக்ரக நாராயண சின்ஹாவும் இம்மாணவர் அமைப்பில் பயின்று வந்தவர்களே.

குடும்பமா, பொதுப்பணியா?

தொண்டின் பெருமையைப் பேசுவோர் பலர், அதன் விலையைப் பேசாது விடுவர். இராஜேந்திர பிரசாத்தின் வாழ்க்கை அதனை மறைக்க இடந்தரவில்லை.

1910-ஆம் ஆண்டில் கோபால கிருஷ்ண கோகலே அவர்கள் இந்திய ஊழியர் சங்கத்தில் சேருமாறு இவரை அழைத்தார். 1905-இல் பூனாவில் தோன்றிய அச்சங்கத்தில் சேர்வோர், சொந்த வருவாயைத் துறந்து நாட்டுப்பணிக்கே வாழ்நாளை ஒப்படைக்க வேண்டும். அழைப்பு இவருடைய உள்ளத்தை ஆழமாகத் தொட்டது. ஆனால் தந்தையார் அதற்குள் காலமாகிவிட்டார். குடும்பப் பொறுப்பு முழுவதும் தமையனார் தோளில் இருந்தது. தம்பி வழக்கறிஞராகிப் பொருளீட்டிக் குடும்பத்தை நிமிர்த்துவார் என்று அனைவரும் காத்திருந்தனர். நேரில் பேச நா எழாமல், தமையனாருக்குக் கடிதம் எழுதி இசைவு வேண்டினார் இவர். கடிதத்தைக் கண்டு தமையனார் மிகவும் மனம் கலங்கினார். அக்கலக்கத்தைப் பொறுக்க மாட்டாமல் இவரும் தம் விருப்பத்தைக் கைவிட்டார்.

இதனைத் தோல்வி என்று நான் கருதவில்லை. அனைத்தையும் துறந்தவரே தொண்டு செய்யலாம் என்பதில்லை. இல்லறத்தில் இருந்துகொண்டே, தொழிலும் செய்துகொண்டே, கிடைத்த பொழுதைப் பொதுநலத்திற்கு ஈயலாம் என்பதை அடுத்த பத்தாண்டுகள் அவர் வாழ்ந்து காட்டினார். 1911-இல் கல்கத்தா உயர்நீதி மன்றத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். 1914-இல் பிகாரிலும் வங்காளத்திலும் பெருவெள்ளம் ஏற்பட்டபோது, வீடிழந்த மக்களுக்கு உணவும் உடையும் கொண்டு சென்று வழங்கினார். 1916-இல் பாட்னாவில் உயர்நீதி மன்றம் அமைந்ததும் அங்கே குடிபெயர்ந்தார். தொழில் வளர்ந்தது, வருவாயும் பெருகியது.

சம்பாரண் என்னும் பள்ளிக்கூடம்

பிகாரின் வடமேற்கில், இமயமலையின் அடிவாரத்தை ஒட்டி அமைந்தது சம்பாரண் மாவட்டம். அங்கே ஐரோப்பியத் தோட்ட முதலாளிகளின் பிடியில் உழவர்கள் நெடுங்காலம் துன்புற்று வந்தனர். குத்தகை நிலத்தில் இருபதில் மூன்று பங்கில் முதலாளிக்காக அவுரி பயிரிட்டே தீர வேண்டும் என்பது கட்டாயம். இருபது கட்டா கொண்டது ஒரு பிகா என்பது அவ்வூர் நில அளவை. அதில் மூன்று கட்டா அவுரிக்குப் போனமையால் இம்முறைக்குத் தீன்கட்டியா என்று பெயர். ஜெர்மனியில் செயற்கைச் சாயம் செய்யப்பட்டு அவுரியின் விலை வீழ்ந்தபோது, முதலாளிகள் தம் நட்டத்தையும் உழவர் தலையிலேயே சுமத்தினர். அவுரி பயிரிடும் கடமையிலிருந்து விடுவிப்பதற்கு ஈடாகக் குத்தகையை உயர்த்தினர். அல்லது ஒரு தொகையைக் கறந்தனர்.

இராஜ்குமார் சுக்லா என்னும் உழவர், 1916-இல் இலட்சுமணபுரிக் காங்கிரசில் காந்தியடிகளைச் சந்தித்து, விடாது தொடர்ந்து வேண்டி, 1917 ஏப்ரலில் அவரைப் பாட்னாவிற்கு அழைத்து வந்தார். அவர் முதலில் அழைத்துச் சென்றது இராஜேந்திர பிரசாத்தின் இல்லத்திற்கே. வீட்டுக்காரர் அப்போது வெளியூர் சென்றிருந்தார். வந்தவர் யாரென அறியாத வேலைக்காரர்கள், வழக்கு விஷயமாக வந்த நாட்டுப்புறத்தார் என்றெண்ணி, கிணற்றில் நீர் எடுக்கவும் அவரை விடவில்லை. பிற்காலத்தில் தம் வாழ்க்கையையே மாற்றப் போகும் விருந்தினர், இவ்வாறு தம் வீட்டு வாயிலிலிருந்து திரும்பிச் சென்றதை இராஜேந்திர பிரசாத் பின்னரே அறிந்தார்.

செய்தி கிடைத்ததும், பிரஜகிஷோர் பிரசாத் முதலிய வழக்கறிஞர்களோடு அவர் மொதிஹாரி சென்றார். மாவட்டத்தை விட்டு வெளியேறும் ஆணையை மீறியதற்காகக் காந்தியடிகள் மீது வழக்கு நடந்துகொண்டிருந்தது. தாம் சிறை சென்றால் அவர்கள் என் செய்வார்கள் என்ற வினா எழுந்தது. உதவி செய்ய வந்தோம். உதவி பெற ஆளில்லையெனில் ஊர் திரும்புவதே முறை என்பதுதான் அவர்தம் முதல் எண்ணம். பின்னர் தமக்குள் கூடி ஆலோசித்தனர். எங்கிருந்தோ வந்த ஒருவர் நம் மண்ணின் உழவர்க்காகச் சிறை புகத் துணிந்திருக்க, நாம் வீடு திரும்புவது நாணத்தக்கதன்றோ என்று உணர்ந்தனர். தாமும் சிறை செல்ல ஒருப்பட்டனர். இறுதியில் அரசு வழக்கைக் கைவிட்டது.

அதன்பின் தொடங்கிய வேலை, மேடைப் பேச்சு அன்று; எழுத்து வேலை. உழவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து தம் குறைகளைச் சொல்ல, இவ்வழக்கறிஞர்கள் காலை முதல் மாலை வரை அமர்ந்து எழுதினர். சொல்வதை எல்லாம் அப்படியே எழுதிவிடவில்லை. மிகைப்படுத்திச் சொல்கிறாரா, உண்மை எவ்வளவு என்பதைக் குறுக்கு வினாக்கள் கேட்டு ஆராய்ந்தபின் எழுதினர். அரசின் துப்பறியும் அலுவலர்கள் உடனிருந்து கவனித்தனர். அவர்களை விலக்கவும் இல்லை. உண்மையன்றி வேறெதையும் எழுதாத இடத்தில் ஒளிவு மறைவு எதற்கு?

தங்குமிடத்திலும் ஒரு பாடம் காத்திருந்தது. அவ்வழக்கறிஞர்கள் ஒவ்வொருவரும் தனித்தனிச் சமையற்காரரையும் வேலைக்காரரையும் உடன் கொண்டு வந்திருந்தனர். தனித்தனி அடுப்பு, உண்ணுவதோ நள்ளிரவில். காந்தியடிகள் அதனை மென்மையாக நகையாடி, நாளடைவில் அனைவர்க்கும் ஒரே அடுக்களை, எளிய மரக்கறி உணவு என்னும் ஏற்பாட்டிற்குக் கொண்டு வந்தார். வேலைக்காரர்கள் பெரும்பாலும் திருப்பி அனுப்பப்பட்டனர். சாதிக் கட்டுப்பாட்டை நெகிழ விடாது பிறருடன் உண்ணாதிருந்த இராஜேந்திர பிரசாத், தம் துணியைத் தாமே துவைக்கவும், பலரோடு ஒருங்கமர்ந்து உண்ணவும் அங்கேதான் கற்றார்.

அரசு விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. காந்தியடிகளும் அதில் உறுப்பினரானார். குழுவின் முன் மலைபோல் குவிந்திருந்த வாக்குமூலங்களை மறுத்துரைக்க எவராலும் இயலவில்லை. 1918-இல் தீன்கட்டியா முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக் கொடுமையை நீக்கியது, தொண்டர் சிலர் பொறுமையோடு எழுதிய தாள்களே.

அவ்வாண்டு அவர் கற்றவற்றைத் தொகுத்து நோக்குவோம். எழுத்தறியா உழவனின் சொல்லை இடைமறியாது கேட்டல், கேட்டதில் உண்மையைப் பிரித்தறிதல், எதிர்த்தரப்பாரையும் பகைக்காதிருத்தல், தன் வேலையைத் தானே செய்தல். சட்டக் கல்லூரியில் தங்கப் பதக்கம் பெற்றவருக்கு அக்கல்லூரி கற்பிக்காத பாடங்கள் இவை.

பதவி தந்த ஒரு படிப்பினை

1920-இல் ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியதும் வளமான வழக்கறிஞர் தொழிலைத் துறந்தார். 1921-இல் பாட்னாவில் நிறுவப்பெற்ற பிகார் வித்யாபீடத்தின் பொறுப்பை ஏற்று, கங்கைக் கரையிலுள்ள சதாகத் ஆசிரமத்தில் எளிய வாழ்வை மேற்கொண்டார். 1924-இல் பாட்னா நகராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அப்பதவியில் அவர் பெருவெற்றி கண்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது அதுவன்று. நகரின் தேவைகளோ மிகுதி, நிதியோ குறைவு. வரியை உயர்த்த மன்றத்தினர் உடன்படார். எண்ணியவற்றைச் செய்ய இயலாத நிலையில் அவர் பதவியினின்றும் விலகினார். தொண்டால் பெற்ற நற்பண்புகள் மட்டுமே எல்லாப் பூட்டுகளையும் திறந்துவிடா என்பதையும், பதவியால் ஆகாதது நாற்காலியைப் பற்றிக்கொண்டிருப்பதால் ஆகிவிடாது என்பதையும் அவர் உணர்ந்துகொண்டார். உணர்ந்தவர் சோர்ந்து ஒதுங்கிவிடவில்லை. மீண்டும் மக்கள் பணிக்கே திரும்பினார்.

நிலம் நடுங்கிய நாள்

1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் பிற்பகல் 2 மணி கடந்த சில நிமிடங்களில், பிகாரையும் நேபாளத்தையும் மாபெரும் நிலநடுக்கம் குலுக்கியது. முங்கேர் நகரம் இடிபாட்டுக் குவியலாயிற்று. முஸாபர்பூர், தர்பங்கா, சீதாமடி, மொதிஹாரி முதலிய ஊர்கள் சிதைந்தன. பல்லாயிரவர் மாண்டனர். நிலம் பிளந்து, உள்ளிருந்த மணலும் நீரும் பீறிட்டெழுந்து விளைநிலங்களை மூடின. கிணறுகள் மணலால் தூர்ந்தன. உயிர் பிழைத்தோர்க்குக் குடிநீரும் இல்லை.

அன்று இராஜேந்திர பிரசாத் சட்டமறுப்புக்காகச் சிறைத் தண்டனை பெற்றவர். வாழ்நாள் முழுதும் அவரை வருத்திய ஆஸ்துமாவால் நலிந்து, கைதியாகவே பாட்னா மருத்துவமனையில் கிடந்தார். ஜனவரி 17-ஆம் நாள் விடுதலை செய்யப்பட்டார். உடல் தேறும்வரை காத்திருக்கவில்லை. உடனே பிகார் மத்திய நிவாரணக் குழுவை அமைத்து, நாடெங்கும் வேண்டுகோள் விடுத்தார். பல இலட்சம் ரூபாய் குவிந்தது. துணிகளும் போர்வைகளும் மருந்துகளும் வந்தன. தொண்டர்கள் திரண்டனர். ஜவஹர்லால் நேரு அவர்கள் முங்கேரில் மண்வெட்டி ஏந்தி இடிபாடுகளை அகற்றும் பணியில் ஈடுபட்டார்.

இடர்க்காலத்தில் பணம் வருவது எளிது. வந்த பணம் உரியவரைச் சேர்வதே அரிது என்பதை ஊர்ப் பொதுக்காரியங்களில் ஈடுபட்டோர் அறிவர். இதனை நன்குணர்ந்த இராஜேந்திர பிரசாத், கணக்குப் பொறுப்பைத் தம் அன்பர் எவரிடமேனும் ஒப்படைத்துவிடவில்லை. தஞ்சையில் 1892-இல் பிறந்து, இலண்டனில் கணக்குத் தணிக்கைத் துறையில் தேர்ச்சி பெற்ற தமிழர் ஜே. சி. குமரப்பா அவர்களை நிதி ஆலோசகராக அமர்த்தினார். குமரப்பா வகுத்த விதி கடுமையானது. தொண்டர் ஒருவரின் உணவுக்கு நாளொன்றுக்கு மூன்றணா. அதற்குமேல் காலணாவும் இல்லை. காந்தியடிகளும் அவருடைய பரிவாரத்தாரும் பாட்னா வந்தபோது, அவர்களுக்காகும் செலவையும் நிவாரண நிதியிலிருந்து தர இயலாது என்று அவர் முன்னதாகவே தெரிவித்துவிட்டார். காந்தியடிகள் அதனைத் தவறாகக் கொள்ளவில்லை, மகிழ்ந்தே ஏற்றார். இத்தகைய மனிதரைத் தேர்ந்து அமர்த்தியதும், அவர் விதித்த விதிக்குத் தாமும் கட்டுப்பட்டதும் தலைமைப் பண்பின் உயர்ந்த அடையாளங்கள் அல்லவோ!

மற்றொன்றும் நோக்கத்தக்கது. தம்மைச் சிறையிலிட்ட அரசுடன், துயர்துடைப்புப் பணியில் ஒத்துழைக்க அவர் தயங்கவில்லை. 1934 மார்ச்சில் பாட்னாவில் கூடிய நிவாரணக் குழு, காந்தியடிகளின் அறிவுரைப்படி அரசுக்கு மரியாதையோடு கூடிய ஒத்துழைப்பை நல்குவதென்று தீர்மானித்தது. கிணற்றைத் தூர்வாரும் இடத்தில் கட்சி எதற்கு? எதிர்ப்பார் யார், உதவுவார் யார் என்பதை மறந்து, துன்புறுவார் யார் என்பதை மட்டும் நோக்கும் பக்குவத்தை அவர் சம்பாரணிலேயே கற்றிருந்தார்.

அவ்வாண்டிலேயே தந்தைபோல் வளர்த்த தமையனாரை அவர் இழந்தார். குடும்பத்தின் மீதிருந்த கடன் சுமையும் அப்போதே முழுமையாகத் தெரியவந்தது. நாட்டுக் கணக்கைத் துல்லியமாகப் பார்த்தவர், வீட்டுக் கணக்கைத் தமையனாரிடமே விட்டிருந்தார். நண்பர் ஜம்னாலால் பஜாஜ் உதவியால், சொத்துக்களை ஈடுகட்டிக் கடனைத் தீர்க்க வழி செய்யப்பட்டது. பொதுப்பணி புரிவோர் தம் இல்லத்தாரின் தோளில் எவ்வளவு சுமையை வைக்கின்றனர் என்பதற்கு இதுவும் சான்று. தொண்டர் ஒருவரைப் போற்றும்போது, அவர் பின்னால் நின்ற தமையனையும் மனைவியையும் நாம் மறத்தல் தகாது.

அவ்வாண்டு அக்டோபரில் பம்பாயில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்கு அவரே தலைவரானார். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் கல்கத்தாவில் தொண்டராக நின்றவர், அன்று தலைமை இருக்கையில் அமர்ந்தார். அடுத்த ஆண்டு, 1935 மே 31-ஆம் நாள் குவெட்டாவில் நிலநடுக்கம் நேர்ந்தபோது அங்கே செல்ல அரசு அவருக்கு அனுமதி மறுத்தது. அவர் வாளா இருக்கவில்லை. குவெட்டாவிலிருந்து வெளியேறி வந்த மக்களுக்காகச் சிந்துவிலும் பஞ்சாபிலும் நிவாரணக் குழுக்களை அமைத்துப் பணி செய்தார்.

அரசியல் நிர்ணய சபையில்

1942 முதல் 1945 வரை சிறைவாசம். 1946 செப்டம்பரில் இடைக்கால அரசு அமைந்தபோது உணவு, வேளாண்மைத் துறைகள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. நாடெங்கும் உணவுப் பற்றாக்குறை நிலவிய காலம் அது. வெள்ளத்திலும் நிலநடுக்கத்திலும் பசித்தோர்க்கு உணவு சேர்த்த கைகளிடம் அத்துறை வந்தது பொருத்தமே.

அதே ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள், அரசியல் நிர்ணய சபையின் தலைவராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஏறத்தாழ மூன்றாண்டுகள் அச்சபை நடைபெற்றது. பல மொழியினர், பல சமயத்தினர், பல கொள்கையினர் அங்கே அமர்ந்திருந்தனர். மொழிச் சிக்கல் போன்றவற்றில் உணர்ச்சி கொந்தளித்தது. முன்மொழியப்பட்ட திருத்தங்கள் ஆயிரக்கணக்கானவை. அவையில் எடுத்து ஆராயப்பட்டவை மட்டுமே 2,473. ஒவ்வொருவரும் தம் கருத்து கேட்கப்பட்டது என்ற நிறைவோடு செல்லுமாறு அவையை நடத்துவது எளிய செயலா? அங்கே தேவைப்பட்டது நாவன்மையைக் காட்டிலும் செவிப்பொறுமை. அதனை அவர் பழகியது மொதிஹாரியில், உழவர்களின் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருந்த திண்ணையில்.

1949 நவம்பர் 26-ஆம் நாள் அரசியல் சட்டம் நிறைவேறியபோது ஆற்றிய முடிவுரையில், தமக்கிருந்த மனக்குறைகளையும் அவர் வெளிப்படையாகத் தெரிவித்தார். சட்டத்தைச் செயற்படுத்துவோர்க்கு உயர்ந்த தகுதிகளை விதிக்கும் நாம், சட்டம் இயற்றுவோர்க்கு அத்தகைய தகுதி எதனையும் விதிக்க இயலவில்லையே என்பது அவற்றுள் ஒன்று. சட்டம் எத்தகையதாயினும், அதனை நடத்துவோர் ஆற்றலும் ஒழுக்கமும் உடையவராயின் நாடு நலம் பெறும் என்பதும் அவர் அன்று வலியுறுத்திய கருத்து. அத்தகுதியை எந்தத் தேர்வாலும் அளக்க முடியாது. ஆனால் எங்கே பெறலாம் என்பதற்கு அவர் வாழ்க்கையே விடையாக அமைந்தது.

1950 ஜனவரி 26-ஆம் நாள் குடியரசுத் தலைவரானார். 1952-இலும் 1957-இலும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1962 மே மாதம் வரை அப்பதவியில் விளங்கினார். அவ்வாண்டே அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. ஓய்வு பெற்றதும் அவர் நாடிச் சென்றது மாளிகையை அன்று. தொண்டு வாழ்வைத் தொடங்கிய அதே சதாகத் ஆசிரமத்தையே. சில மாதங்களில் இராஜவம்சி தேவியார் காலமானார். 1963 பிப்ரவரி 28-ஆம் நாள் இராஜேந்திர பிரசாத் அவர்களும் அவ்வாசிரமத்திலேயே இயற்கை எய்தினார்.

நாம் கொள்ள வேண்டுவது

அவர் மறைந்தபோது நான் பள்ளிச் சிறுமி. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தலைமையாசிரியை அவரைப் பற்றிப் பேசியது நினைவிருக்கிறது. குடியரசுத் தலைவராக இருந்தார் என்பது மட்டுமே அன்று என் மனத்திற் பதிந்தது. அதற்குமுன் நாற்பத்து நான்கு ஆண்டுகள் அவர் ஊதியமின்றிச் செய்த வேலைகளே அத்தலைவரை உருவாக்கின என்பதை அறிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

ஆதலின் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகள் நன்கு படிக்கட்டும், முதன்மையாகவே தேறட்டும். இராஜேந்திர பிரசாத் படிப்பைப் புறக்கணித்துத் தொண்டு செய்தவர் அல்லர். ஆயினும் ஆண்டில் சில நாள்களேனும், ஊர்ப் பொதுக்காரியத்தில் ஒரு பொறுப்பை அவர்களிடம் ஒப்படையுங்கள். ஏவல் கேட்கும் வேலையாக மட்டும் அது இருத்தலாகாது. பத்து ரூபாயேனும் அவர்கள் கையில் கொடுத்துக் கணக்குக் கேளுங்கள். முதியவர் ஒருவரின் குறையைக் கேட்டு எழுதி வரச் செய்யுங்கள். தவறினால் கடிந்து விலக்காமல், மறுமுறையும் அவர்களையே அனுப்புங்கள். தலைமை என்பது ஒருநாள் முடிசூட்டால் வருவதன்று. சிறு பொறுப்புகளைப் பலமுறை சுமந்த தோளுக்கே அது வந்து சேரும்.

சென்ற ஆண்டு எங்கள் ஊர் விழாவில், என் பேரன் தண்ணீர்ப் பந்தலில் நின்றான். மாலையில் வந்து, எத்தனை குடம் நீர் செலவாயிற்று, எந்த நேரத்தில் கூட்டம் மிகுந்தது, அடுத்த ஆண்டு பந்தலை எங்கே அமைத்தால் முதியோர்க்கு எளிதாகும் என்று விரிவாகக் கூறினான். அவனுடைய தந்தையின் பெயரை ஒரு நாள் அடிக்கச் சொன்ன நான், அதனைக் கேட்டுக்கொண்டு அமைதியாக அமர்ந்திருந்தேன்.